மேப் இருக்கிறது, எண் எங்கே?

கருவிக்கூடம்: வாசகர் கேள்வி – பதில்

எக்ஸ்ரே மேப்பிங் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு சொற்களில். ‘திரையில் தெரிகிறது, அதை எப்படி வெளியே எடுப்பது?’ அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக: சாம்பிளின் மேல் எக்ஸ்ரே கற்றையையோ எலெக்ட்ரான் கற்றையையோ புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பி வரும் எக்ஸ்ரேயின் ஆற்றலை அளந்தால், எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று வண்ணப் படமாகத் தெரியும். அந்தப் படம்தான் மேப். இருபத்தாறு வருஷம் ஒரு பல்கலைக்கழகக் கருவிக்கூடத்தில் இந்த மெஷின்களோடு குடும்பம் நடத்தியவள் என்கிற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், அரிசி மணியின் குறுக்குவெட்டில் துத்தநாகம் எங்கே இருக்கிறது என்று மேப் எடுத்தேன். பேப்பர் அனுப்பினோம். ‘தவிட்டிலிருந்து உள்பக்கம் வரை லைன் புரொஃபைல் (ஒரு கோட்டின் வழியே எண் எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடம்) கொடுங்கள்’ என்று ரிவ்யூவர் கேட்கிறார். என்னிடம் இருப்பது ஸ்கிரீன்ஷாட் மட்டும். பக்கத்தில் கலர் பார் இருக்கிறது. கலரிலிருந்து எண்ணைத் திரும்ப எடுக்க முடியாதா? கைடு பத்து நாள் டைம் கொடுத்திருக்கிறார்.
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: பத்து நாளில் முதல் நாளை எனக்குக் கொடு கண்ணு. கலரை நோண்டுவதை நிறுத்திவிட்டு மேப் எடுத்த கூடத்துக்கு ஃபோன் போடு. நீ தேடுவது உன் லேப்டாப்பில் இல்லை. மெஷினுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் இருக்கிறது.

கலர் ஏன் போதாது என்று கேள். உன் மேப் 200-க்கு 200 என்று வைத்துக்கொள்வோம். 40,000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலிலும் மெஷின் சேர்த்து வைத்தது ஓர் எண் அல்ல, ஒரு முழு ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ்ரே வந்தது என்ற கணக்கு. அதில் 2,048 சேனல், அதாவது ஆற்றலின் சின்னச் சின்னக் கூறுகள்; சேனலுக்கு ஓர் எண். பெருக்கிப் பார்: 8 கோடியே 19 லட்சத்து 20 ஆயிரம் எண்கள். எண்ணுக்கு 4 பைட் என்றால் கிட்டத்தட்ட 328 மெகாபைட். கூடத்தில் இதை ‘கியூப்’ என்போம். சாஃப்ட்வேர் அந்தக் கியூபிலிருந்து துத்தநாகத்துக்கு உரிய 8.64 கே.இ.வி.க்கு (ஆற்றலின் அலகு, ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் ஒரு கே.இ.வி.) அக்கம்பக்கத்துச் சேனல்களை மட்டும் கூட்டி, பிக்சலுக்கு ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. பிறகு அந்த எண்ணுக்கு ஒரு கலர் பூசுகிறது. உன் ஸ்கிரீன்ஷாட் அந்தப் பூச்சை எடுத்த படம். சாப்பாட்டை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு உப்பு எவ்வளவு என்று கேட்கிற கதை.

பூச்சில் என்னென்ன தொலையும்? திரைக்கு வரும்போது சாதாரணமாக 256 படிதான். உன் மேப்பில் அதிகபட்சம் 5,120 கவுன்ட்ஸ் (டிடெக்டர் எண்ணிய எக்ஸ்ரேக்கள்) என்றால் ஒரு படிக்கு 20 கவுன்ட்ஸ். மணியின் உள்பக்கம், அதாவது வெள்ளையாக இருக்கிற மாவுப் பகுதியில், பிக்சலுக்குப் பத்துப் பதினைந்து கவுன்ட்ஸ்தான் வருகிறது என்றால், அது எல்லாமே ஒரே கருநீலத்துக்குள் அடங்கிப் போகும். ரிவ்யூவர் கேட்பதோ அந்த இடத்தைத்தான். மேல்முனையிலும் இதே கதை. நிறைய சாஃப்ட்வேர்கள் படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று உச்சியில் இருக்கிற கொஞ்சம் பிக்சல்களை ஒரே சிவப்பில் அமுக்கிவிடும். உன் தவிட்டடுக்கின் நிஜமான உச்சி அந்தச் சிவப்புக்குள் எங்கேயோ இருக்கும். ஸ்கேல் லாக்கில் (மடக்கையில்) இருந்ததா, நேரா? கலர் பார் பக்கத்தில் எழுதியிருந்தால் பிழைத்தாய்.

இன்னொன்று, நிறைய பேர் கவனிக்காதது. 200 பிக்சல் மேப் திரையில் 600 பிக்சலாக விரிந்து தெரியும். ‘ஸ்மூத்’ என்ற டிக் போட்டிருந்தால், இடையில் உள்ளதை சாஃப்ட்வேர் தன் கற்பனையில் நிரப்பும். அதன் மேல் கோடு போட்டுப் புரொஃபைல் எடுத்தால் வளைவு வழவழவென்று வரும். அனுபவமுள்ள ரிவ்யூவருக்கு அந்த வழவழப்பே சந்தேகம். அசல் எண் எப்படி இருக்கும் என்று உதாரணத்துக்கு ஒரு வரி எழுதிக் காட்டுகிறேன். அரிசி மணிக்கு வெளியே இருந்து உள்ளே போகிறோம்:

3 1 4 2 2 88 161 143 52 21 14 16 11 9 13 12

எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது பார். வெளியே ஒன்றுமில்லை, தவிடு வந்ததும் குதிக்கிறது, நாலு பிக்சலில் இறங்கிவிடுகிறது. 14, 16, 11, 9 என்று உள்ளே ஆடுவது குறையில்லை. கவுன்ட்ஸ் என்றாலே அப்படித்தான், எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஆடும். 16 என்றால் 4 இப்படி அப்படி. 10,000 என்றால் 100 மட்டும். கலரில் இந்த ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது. நேர்மையான எரர் பார் போட வேண்டுமென்றால் அசல் கவுன்ட்ஸ் வேண்டும்.

கலரிலிருந்து எண்ணைத் திருப்புவது முடியவே முடியாதா என்றால், முடியும். கலர் பாரின் ஒவ்வொரு படியையும் படித்து, மேப்பில் அதே நிறத்தைத் தேடி, கீழ் எண்ணும் மேல் எண்ணும் தெரிந்தால் ஓரளவு எடுக்கலாம். உனக்கே ஓர் அந்தாசு வேண்டுமானால் செய்து பார். பேப்பரில் போடாதே. ஜேபெக் ஆகச் சேமித்திருந்தால் அதுவும் வேண்டாம். எல்லைகளில் பக்கத்து நிறங்கள் கலந்து, கலர் பாரிலேயே இல்லாத நிறங்கள் முளைத்திருக்கும்.

ஃபோன் போடும்போது ‘என் மேப் படம் வேண்டும்’ என்று சொல்லாதே. படத்தையே திரும்ப அனுப்பிவிடுவார்கள். ‘இந்தத் தேதியில் எடுத்த புராஜெக்ட் ஃபைல் முழுசாக வேண்டும், அதோடு துத்தநாக மேப்பை எண்ணாக, டெக்ஸ்ட் ஃபைலாக வேண்டும்’ என்று சொல்.

கேள்வி: எக்ஸ்போர்ட் மெனுவைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு வகை வருகிறது. எதை அழுத்துவது?
– ஆய்வு மாணவர், சேலம்

பதில்: தம்பி, எந்த சாஃப்ட்வேர் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதை வைத்துச் சொல்கிறேன். பிரான்ஸில் கிரெனோபிள் ஊரில் இருக்கிற ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டுப் பலமான எக்ஸ்ரே எடுக்கும் மெஷின்) கூடத்தில் எழுதிய பைஎம்சிஏ. ஸ்பெக்ட்ரம் ஜன்னலில் சேமிக்கப் போனால் ‘விட்ஜெட் பி.என்.ஜி.’ என்று ஒன்றும் ‘கிராஃபிக்ஸ் பி.என்.ஜி.’ என்று ஒன்றும் இருக்கும். இரண்டும் படம். முதலாவது ஜன்னலை அப்படியே கிளிக் செய்வது, இரண்டாவது பேப்பருக்கு ஏற்ற மாதிரி புதிதாக வரைவது. எஸ்.வி.ஜி., இ.பி.எஸ். என்பவையும் படம்தான், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பதே வித்தியாசம். எண் வேண்டுமென்றால் சி.எஸ்.வி. (எண்களை ஒரு குறியால் பிரித்து எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்) வகைகளில் ஒன்று, அல்லது ‘ரா ஆஸ்கி’. அங்கேயே கமா, செமிகோலன், டேப் என்று மூன்று சி.எஸ்.வி. இருக்கும். நம் ஊர்க் கம்ப்யூட்டருக்குக் கமா போதும். செமிகோலன் எதற்கு என்று அடுத்த பதிலில் தெரியும்.

மேப்புக்கு இ.டி.எஃப். என்றும் டிஃப் என்றும் வரும். டிஃப்பில் மட்டும் ஏமாறாதே. பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே 8 பிட்டாக இருந்தால் அது படம், 32 பிட் ஃப்ளோட்டாக இருந்தால் அது எண். இமேஜ்ஜே என்கிற இலவசப் பட சாஃப்ட்வேரில் திறந்தால் ஜன்னலின் மேல்விளிம்பிலேயே எத்தனை பிட் என்று போட்டிருக்கும். ‘ஆர்.ஜி.பி.’ என்று இருந்தால் கலரைத்தான் கொண்டு வந்திருக்கிறாய் என்று அர்த்தம்.

கேள்வி: கூடத்திலிருந்து எண்ணாகவே வாங்கி வந்தேன். எக்செல்லில் திறந்தால் ஆற்றல் காலத்தில் (மேலிருந்து கீழாகப் போகிற வரிசையில்) இரும்புக்கு 6404 என்று காட்டுகிறது. எலெக்ட்ரான் வோல்ட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்துக் காலங்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று இருக்கின்றன.
– உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

பதில்: சார், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். உங்களைப் பார்த்து இல்லை, என்னையே. இதே பள்ளத்தில் நான் ஒரு வாரம் கிடந்தவள்.

மெஷின் ஐரோப்பாவில் செய்தது. அதன் கம்ப்யூட்டரில் விண்டோஸின் ஊர் செட்டிங் ஜெர்மனியாகவே இருந்திருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஜெர்மன்காரர்களுக்குத் தசமப் புள்ளி கமா. நமக்கு 6.404, அவர்களுக்கு 6,404. நம் எக்செல் அந்தக் கமாவை ஆயிரத்துக்குப் போடுகிற கமா என்று நினைத்து ஆறாயிரத்து நானூற்று நாலு என்று வாசித்துவிட்டது. கொடுமை என்னவென்றால், இரும்பின் கே-ஆல்ஃபா, அதாவது அதன் அடையாளமான முக்கிய எக்ஸ்ரே கோடு, 6.404 கே.இ.வி. என்பது எலெக்ட்ரான் வோல்ட்டில் நிஜமாகவே 6404தான். அதனால் ஆற்றல் காலம் சரியாக இருப்பது போலவே வேஷம் போடும். மற்ற காலங்களில்தான் குட்டு வெளிப்படும். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வந்ததெல்லாம் ஆயிரம் மடங்காகப் பெருத்திருக்கும், பாருங்கள்.

இதே ஃபைலைக் கமா சி.எஸ்.வி.யாகச் சேமித்திருந்தால் 6 ஒரு காலத்திலும் 404 அடுத்த காலத்திலும் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் செமிகோலன். தசமத்துக்குக் கமா போடுகிற ஊர்க்காரர்கள் காலம் பிரிக்க வேறு குறி வைத்துக்கொண்டார்கள்.

மருந்து: எக்செல்லில் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். முதலில் நோட்பேடில் திறந்து கண்ணால் பாருங்கள். கமாவா புள்ளியா, தலைப்பு எத்தனை வரி, முதல் வரியில் எத்தனை எண் என்று. பிறகு எக்செல்லின் ‘டேட்டா’ பக்கத்திலிருந்து டெக்ஸ்ட் ஃபைலை உள்ளே எடுங்கள். தசமக் குறி எது என்று கேட்கிற இடம் அங்கே உண்டு.

எக்செல் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஒரு தாளில் 10,48,576 வரிதான். 1024-க்கு 1024 மேப்பை ‘எக்ஸ், ஒய், கவுன்ட்ஸ்’ என்று வரிக்கு ஒரு பிக்சலாக எக்ஸ்போர்ட் செய்தால் எத்தனை வரி? சரியாக 10,48,576. ஆஹா என்று திறப்பீர்கள். தலைப்புக்கு ஒரு வரி போய்விட்டது, கடைசி பிக்சலுக்கு இடமில்லை. முழுசாக ஏறவில்லை என்று ஒரு பெட்டி வந்து எச்சரிக்கும். எல்லோரும் செய்வது போல ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவோம். ஒரு பிக்சல் போனால் என்ன என்கிறீர்களா? அதை அப்படியே சேமித்து, பிறகு வேறொரு புரோகிராமில் 1024-க்கு 1024 ஆக மடிக்கச் சொல்லிப் பாருங்கள். மடிக்காது. ஏன் மடிக்கவில்லை என்று ஒரு பையன் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான் எங்கள் கூடத்தில்.

கேள்வி: கவுன்ட்ஸ், கவுன்ட்ஸ் பெர் செகண்ட், எடை சதவீதம் மூன்றும் எக்ஸ்போர்ட்டில் வருகிறது. எதை எடுக்க?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

பதில்: மூன்றையும். ஒன்றுதான் என்றால் கவுன்ட்ஸ். மற்ற இரண்டும் அதிலிருந்து பிறந்தவை, பிறந்ததிலிருந்து தாய்க்குத் திரும்புவது லேசில்லை. கூடவே ஒரு பிக்சலுக்கு எவ்வளவு நேரம் நின்றது, அதில் டிடெக்டர் நிஜமாகக் கண் விழித்திருந்த நேரம் எவ்வளவு, இரண்டையும் எழுதி வாங்கு. கவுன்ட்ஸ் நிறைய வந்து குவிகிற இடத்தில் டிடெக்டர் ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அந்த நேரத்தை டெட் டைம் என்போம். திருத்தாமல் விட்டால், செறிவு அதிகமான இடம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

இந்தூர் ஆர்.ஆர்.கேட்டில் (ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையம்) இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் வளையத்தின் 16-ஆம் பீம்லைனுக்கு, அதாவது கற்றை வந்து சேரும் அளவீட்டு இடத்துக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்லது. சிங்க்ரோட்ரானில் இன்னொரு எண்ணையும் மறக்காதே: சாம்பிளில் விழுவதற்கு முன் கற்றையின் பலத்தை அளக்கிற அயனிப் பெட்டியின் ரீடிங். ‘ஐ-நாட்’ என்பார்கள். மணிக்கணக்கில் ஓடுகிற ஸ்கேனில் கற்றையின் பலம் தொடக்கத்தில் இருந்த மாதிரியே முடிவிலும் இருக்கும் என்று நம்பக் கூடாது. பிக்சல் பிக்சலாக அதால் வகுக்காவிட்டால் மேப்பின் ஒரு பக்கம் மங்கிக்கொண்டே போகும். அதைப் பார்த்து ‘கீழ்ப்பக்கம் இரும்பு குறைகிறது’ என்று எழுதி வைப்பாய்.

கேள்வி: எக்ஸ்போர்ட் செய்த மேப்பை மைக்ரோஸ்கோப் ஃபோட்டோவோடு பொருத்தினால் தலைகீழாக இருக்கிறது. புரட்டினால் இடவலம் மாறுகிறது. பைத்தியம் பிடிக்கிறது!
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: படங்களுக்குத் தொடக்கப் புள்ளி இடது மேல்மூலை. கிராஃப் தாளுக்கு இடது கீழ்மூலை. சாஃப்ட்வேர் திரையில் கிராஃபாகக் காட்டும், ஃபைலில் படமாக எழுதும். அங்கே ஒரு குட்டிக்கரணம். சாம்பிள் மேடை வலது பக்கம் நகர்ந்தால் கற்றை சாம்பிளின் இடது பக்கம் போகிறது. அது இன்னொரு குட்டிக்கரணம். டெக்ஸ்ட் ஃபைலில் வரியும் காலமும் இடம் மாறினால் மூன்றாவது.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் நாலணாச் செலவு. மெல்லிய செப்புத் தகடு ஒன்றை ‘ட’ மாதிரி வெட்டி சாம்பிளின் ஓரத்தில் கார்பன் டேப்பில் ஒட்டிவிடுவேன். ஒரு கண்டிஷன்: நிற்கிற கால் நீளமாக, படுத்திருக்கிற கால் குட்டையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமென்றால் வரியும் காலமும் மாறியதைக் காட்டிக்கொடுக்காது, புரட்டலை மட்டும்தான் சொல்லும். எக்ஸ்போர்ட் செய்ததும் முதலில் செம்பு மேப்பைத் திறப்பேன். ‘ட’ என்று நேராகப் படிக்க முடிந்தால் மற்ற எல்லா மேப்பும் நேர். சாம்பிளிலேயே செம்பு தேடுகிறவர்களுக்கு நிக்கல் தகடு.

ஒவ்வொரு வரியும் பல் பல்லாக, ரம்பம் மாதிரி தெரிகிறது என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறாய். மேடை போகும்போதும் அளந்து, திரும்பும்போதும் அளந்திருக்கிறது. வயலில் ஏர் திரும்புகிற மாதிரி. ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் ஒரு பிக்சல் இடறல் இருக்கும். இரட்டைப்படை வரிகளை மட்டும் ஒரு பிக்சல் தள்ளிப் பார், ரம்பம் போய்விடும். தள்ளியதை மெத்தட்ஸில் எழுதிவிடு.

கேள்வி: பழைய சுவர்ப் பூச்சுத் துணுக்கில் ஆர்சனிக் மேப் அழகாக வந்தது. எக்ஸ்போர்ட் செய்து சிவப்பு நிறமியோடு ஒப்பிட்டால் அச்சு அசலாக ஒத்துப்போகிறது. கண்டுபிடிப்பு என்று சந்தோஷப்பட்டால், கைடு ‘ஸ்பெக்ட்ரம் எங்கே?’ என்கிறார்.
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

பதில்: கைடு காலைத் தொட்டுக் கும்பிடு. ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54 கே.இ.வி. ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. நம் டிடெக்டருக்கு இரண்டும் ஒரே ஆள். சிவப்பு நிறமி செந்தூரம் என்கிற ஈய ஆக்ஸைடாக இருந்தால், நீ ‘ஆர்சனிக்’ என்று பெயர் சூட்டி எக்ஸ்போர்ட் செய்தது ஈயத்தின் மேப். சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதே. ‘10.4-லிருந்து 10.7 வரை கூட்டு, ஆர்சனிக் என்று பெயர் வை’ என்று நீ சொன்னாய், அது செய்தது.

வழக்கைத் தீர்க்க வேறு சாட்சி வேண்டும். ஈயமென்றால் 12.61-ல் எல்-பீட்டா பெரிதாக நிற்கும். ஆர்சனிக்கென்றால் 11.73-ல் கே-பீட்டா சின்னதாக இருக்கும். இதைப் பார்க்க மேப் உதவாது, ஸ்பெக்ட்ரம் வேண்டும். அதனால் மேப்போடு கூட, மொத்த மேப்பின் கூட்டு ஸ்பெக்ட்ரத்தையும், சந்தேகம் வருகிற பகுதியை மட்டும் வட்டம் போட்டு எடுத்த ஸ்பெக்ட்ரத்தையும் எக்ஸ்போர்ட் செய். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்காரர்களிடம் ‘எம்.எஸ்.ஏ.’ என்று கேட்டால் தெரியும். அது ஐ.எஸ்.ஓ. 22029 என்று தரமாகவே ஏற்கப்பட்ட வடிவம், சாதாரண டெக்ஸ்ட். தலைப்பு வரிகளில் சேனலுக்கு எத்தனை எலெக்ட்ரான் வோல்ட், பூஜ்யம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் அளந்தது எல்லாம் இருக்கும். அந்தத் தலைப்பை ‘குப்பை’ என்று அழித்துவிட்டு எண்களை மட்டும் ஒரிஜின் என்கிற கிராஃப் சாஃப்ட்வேரில் ஒட்டுகிறவர்கள் உண்டு. சேனலுக்கு 10 எலெக்ட்ரான் வோல்ட், தொடக்கம் பூஜ்யம் என்றால் இரும்பு 640-ஆவது சேனலில். தொடக்கம் மைனஸ் 0.2 கே.இ.வி. என்றால் 660-ல். தலைப்பை அழித்துவிட்டால் இரும்பை 6.60 என்று படித்து, அங்கே ஏதாவது ஓர் அரிய மண் தனிமத்தின் பெயரை ஒட்டி, ஊருக்கே புது கனிமம் கொண்டு வந்துவிடலாம்.

பேரியத்தின் எல் கோடும் டைட்டேனியத்தின் கே கோடும் 4.5 பக்கம் இதே மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளைப் பெயின்ட் ஆராய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெஷினோடு வந்த சாஃப்ட்வேருக்கு ஒரே லைசென்ஸ், அதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். புராஜெக்ட் ஃபைலை வாங்கி வந்து என்ன செய்வது? வீட்டில் திறக்க முடியாதே.
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: நியாயமான கோபம். அந்தக் காலத்தில் நானும் கம்பெனிக்காரர்களிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம். இப்போது நிலைமை பரவாயில்லை. பைத்தான் புரோகிராம் மொழியில் ஹைப்பர்ஸ்பை என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, பல கம்பெனி ஃபைல்களை நேரடியாகத் திறக்கும். திறக்காத ரகமென்றால், கூடத்திலேயே கியூபை ‘ரா’ என்று எக்ஸ்போர்ட் செய்யச் சொல். ‘ரா’ என்று ஒரு பெரிய ஃபைலும், ‘ஆர்.பி.எல்.’ என்று ஒரு துக்கடா ஃபைலும் சேர்ந்து வரும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பெரியது 300 மெகாபைட், சின்னது 1 கிலோபைட்கூட இருக்காது. ‘இது என்னவோ லாக் ஃபைல்’ என்று விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் காப்பி செய்து போவார்கள். அந்தத் துக்கடாவில்தான் அகலம் எத்தனை, உயரம் எத்தனை, சேனல் எத்தனை, எண்ணுக்கு எத்தனை பைட், பைட்டுகள் எந்த வரிசையில் என்று இருக்கிறது. அது இல்லாமல் பெரியதைத் திறந்தால் டி.வி.யில் சேனல் போன மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

சிங்க்ரோட்ரான்களில் பெரும்பாலும் ஹெச்.டி.எஃப்.5 என்கிற ஃபைல் வகை. எண், அலகு, தேதி, மேடை நகர்ந்த தூரம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெட்டியைத் திறக்க இலவச சாஃப்ட்வேர் ஏராளம்.

கேள்வி: கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் மேப்பை எப்படி எக்ஸ்போர்ட் செய்தார்கள்?
– பள்ளி ஆசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

பதில்: செய்யவில்லை ஐயா! 1956-ல் கேம்பிரிட்ஜில் காஸ்லெட்டும் டன்கம்பும் எலெக்ட்ரான் கற்றையை சாம்பிளின் மேல் ஓட்டி, ஒவ்வோர் எக்ஸ்ரே வரும்போதும் திரையில் ஒரு புள்ளி மின்னும்படி செய்தார்கள். அதைக் கேமராவில் பிடித்தால் மேப். புள்ளிகள் அடர்ந்த இடத்தில் தனிமம் அதிகம், அவ்வளவுதான். எங்கள் கூடத்து அலமாரியிலும் அப்படிப்பட்ட போலராய்டு படங்கள் ஒரு கட்டு இருந்தன, நான் சேருவதற்கு முந்தைய காலத்தவை. பின்பக்கம் பென்சிலில் தனிமம், உருப்பெருக்கம், எத்தனை நிமிஷம் எடுத்தது என்று எழுதியிருக்கும். இன்றைய ஸ்கிரீன்ஷாட்டில் பாதிக்கு இந்த மூன்று தகவலும் கிடையாது.

எண்ணாகச் சேமித்து ஊருக்கே கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஆர்கிமிடீஸின் எழுத்துகளைப் பத்தாம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்திருந்தார்கள். 1229-ல் ஒருவர் அதைச் சுரண்டிவிட்டு மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். இருபதாம் நூற்றாண்டில் வேறு யாரோ சில பக்கங்களின் மேல் போலி ஓவியமும் தீட்டிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரானில் அந்தப் பக்கங்களில் இரும்பை மேப் செய்தார்கள். பழைய மையில் இரும்பு உண்டு. ஓவியத்துக்கு அடியிலிருந்து எழுத்து எழுந்து வந்தது. திட்டத்தின் படத் தரவுகளை 2008-ல் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள், எந்தப் பக்கம், எப்படி எடுத்தது என்ற விவரத்தோடு.

கேள்வி: பென்டிரைவ் போடக் கூடாது என்கிறார் ஆபரேட்டர். நெட்டும் கிடையாது. எப்படித்தான் எடுப்பது?
– பெயர் வேண்டாம் மேடம்

பதில்: ஆபரேட்டர் பக்கம்தான் நான். ஒரு பென்டிரைவ் கொண்டு வந்த வைரஸில் எங்கள் மெஷின் ஒரு வாரம் படுத்தது. அந்த வாரத்து ஸ்லாட்காரர்களுக்கு யார் பதில் சொன்னது? பழைய விண்டோஸில் ஓடுகிற கம்ப்யூட்டர் அது, புதுசு போட்டால் மெஷினோடு பேசாது. கூடத்திலேயே ஒரு வெறும் பென்டிரைவ் வைத்திருப்பார்கள், அதில் ஏற்றி வேறு கம்ப்யூட்டர் வழியாக மெயிலோ டிரைவோ செய்து தருவார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் கேட்காதே, காலையில் கேள்.

கேள்வி: மேடம், 2014 வாக்கில் உங்களிடம் மேப் எடுத்துக்கொண்டு போனேன். அப்போது படம் போதுமென்று விட்டுவிட்டேன். இப்போது எண் வேண்டும். இருக்குமா?
– பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: நான் ஓய்வு பெறுவதற்கு முன் எல்லாவற்றையும் டி.வி.டி.யில் ஏற்றி வருஷவாரியாக அடுக்கிவிட்டுத்தான் வந்தேன். இப்போது இருக்கும் பெண்ணிடம் கேட்டேன், தேடிப் பார்த்தாள். 2014 டிஸ்க் நன்றாகவே ஓடுகிறதாம். உங்கள் ஊர்ப் பெயரில் ஃபோல்டரும் இருக்கிறதாம். அதற்குள் ‘சாம்பிள் 1’, ‘சாம்பிள் 1 புதுசு’, ‘சாம்பிள் 1 ஃபைனல்’, ‘சாம்பிள் 1 ஃபைனல் சரியானது’ என்று நான்கு. நான்கும் வேறு வேறாம். எது உங்களுடையது என்று உங்கள் பழைய நோட்டில் இருந்தால் எழுதுங்கள், வாங்கித் தருகிறேன்.